வால்வு உண்மையிலேயே மூடியிருக்கிறதா? பாய்லர் ஹவுஸுக்குப் புதியவர்களுக்கு

திருப்பூர், பெருந்துறை, ஈரோடு பக்கம் சாயப்பட்டறைகளில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே ஒரு ஸ்பேனரும் ஒரு வால்வும் வாய்த்துவிடும். "தம்பி, அந்த வால்வை மூடிட்டு வா" என்பார் ஃபோர்மேன். வீலை இறுகும்வரை சுற்றிவிட்டு, "மூடிட்டேனுங்ண்ணா" என்று பையன் வந்து நிற்பான். வீல் மூடியிருக்கிறது, சரி. லைன் மூடியிருக்கிறதா? அது வேறு கேள்வி. புதிதாக வருபவர்கள் வால்வைப் பற்றி எதைக் கற்றாலும் இந்தக் கேள்வியை ஒட்டியே கற்பது நல்லது.

சாயப்பட்டறையை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே காம்பவுண்டுக்குள் நீராவி, தண்ணீர், உப்புக் கரைசல், கம்ப்ரஸர் காற்று எல்லாம் ஓடும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை இல்லாமல் பட்டறை ஓட்ட முடியாது என்றானது. அதற்கான ஆவியாக்கிகளுக்கும் நீராவிதான் வேண்டும். ஆக, தொழிலில் புழங்கும் வால்வு வகைகளில் பெரும்பாலானவற்றை இங்கேயே பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது

எந்த வால்வைப் பிரித்தாலும் அடிப்படை ஒன்றுதான். வெளியே பாடி. உள்ளே அசையாத சீட். அதன்மேல் வந்து உட்காரும் டிஸ்க் அல்லது வெட்ஜ். அதை ஏற்றி இறக்கும் தண்டு. புத்தகத்தில் ஸ்டெம் என்று இருக்கும், நம்மூர் ஒர்க்ஷாப்பில் ஸ்பிண்டில். பாடியை மேலே மூடுவது பானெட். ஸ்பிண்டில் பானெட்டைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் கசியாமல் இருக்க ஒரு குழிவு, அதுதான் ஸ்டஃபிங் பாக்ஸ். அதற்குள் கயிறு போன்ற பேக்கிங் வளையங்கள். அவற்றை மேலிருந்து அழுத்துவது கிளாண்டு.

இதிலிருந்தே ஒன்று தெரிந்துவிடும். வால்வு இரண்டு விதமாகக் கசியலாம். கிளாண்டு, பானெட் கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு), ஃபிளாஞ்சு (பைப்போடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வழியாக வெளியே கசிவது ஒன்று. மூடிய பிறகும் சீட்டைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே கசிவது இன்னொன்று. இதைத்தான் "வால்வு பாஸ் ஆகுது" என்பார்கள். வெளிக்கசிவு புஸ்ஸென்று சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிடும். பாஸிங்கைத் தேடிப் போனால்தான் தெரியும். விறகு வீணாவதும் ஆட்கள் வெந்துபோவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதால்தான்.

எந்த வால்வு எதற்கு

கேட் வால்வு: குறுக்கே ஒரு வெட்ஜ் இறங்கி வழியை அடைக்கும். முழுக்கத் திறந்தால் பைப் மாதிரியே நேர்வழி, அழுத்தம் வீணாகாது. இதை முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். பாதி திறந்து ஓட்டத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால், சிறிய இடுக்கில் வேகமாகப் பாயும் நீராவி வெட்ஜின் விளிம்பையும் சீட்டையும் அரித்துவிடும். வெட்ஜ் ஆடி ஆடித் தேயும். பிறகு எத்தனை இறுக்கினாலும் மூடாது. பட்டறைகளில் பாஸ் ஆகும் கேட் வால்வுகளைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் கணிப்பு.

குளோப் வால்வு: ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு இதுதான். உள்ளே வழி மேலேறி இறங்கிப் போவதால் அழுத்தம் கொஞ்சம் குறையும். பாடியில் அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

பால் வால்வு: நடுவே ஓட்டை போட்ட உருண்டை. கால் சுற்றில் திறக்கும், மூடும். லிவர் பைப்போடு சேர்ந்து நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. தண்ணீருக்கும் காற்றுக்கும் அருமையான சாமான். நீராவிக்கு மட்டும் யோசிக்க வேண்டும். சாதாரண பால் வால்வின் சீட் டெஃப்ளான்; 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அது தளர ஆரம்பிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தத்தில் நீராவி சுமார் 184 டிகிரியில் இருக்கிறது. எல்லைக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க ஓட்டினால் சீட் எத்தனை நாள் தாங்கும்? கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஆகும்" என்றாலும் கேட்லாக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பட்டர்ஃபிளை வால்வு பெரிய தண்ணீர் லைன்களுக்கு. மாட்டும்போது டிஸ்க்கைச் சற்றே திறந்து வைத்துப் போல்ட்டை இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் லைனிங்கில் டிஸ்க் கடித்து நின்றுவிடும்.

என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு) ஒரு பக்கம் மட்டும் விடும், திரும்ப விடாது. பம்ப் டெலிவரியில் இது இருக்கும். ஆனால் இதை நம்பி ஒரு லைனைப் பிரிக்கக் கூடாது. சின்னத் துரு ஒன்று சிக்கினாலே தட்டு முழுதாக உட்காராது.

பாடியிலேயே எழுதியிருக்கும்

வால்வின் உடம்பில் எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள். டி.என். 50 என்றால் 2 அங்குல லைன். டபிள்யூ.சி.பி. என்றால் வார்ப்புக் கார்பன் ஸ்டீல். சி.எஃப்.8.எம். என்றால் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இணையான வார்ப்பு. உப்புக் கரைசல் ஓடும் லைனில் 304 வகையை மாட்டினால் குளோரைடு ஊசி ஊசியாகத் துளை போட்டுவிடும். கொட்டேஷனில் விலை குறைகிறதே என்று அதை வாங்குவது வீண்செலவு.

கிளாஸ் 150 என்று போட்டிருந்தால் 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரைதான் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வகுப்பின் பெயர், அவ்வளவுதான். கார்பன் ஸ்டீலில் கிளாஸ் 150 வால்வு சாதாரண வெப்பநிலையில் 19.6 பார் வரை தாங்கும் (ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ). 200 டிகிரியில் அது 13.8 பாராகவும், 300 டிகிரியில் 10.2 பாராகவும் இறங்கிவிடும். சூடு ஏற ஏறத் தாங்கும் திறன் குறையும். ஆகவே தண்ணீர் லைனில் கழற்றிய வால்வை நீராவி லைனில் மாட்டும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பாய்லரோடு சேர்ந்த நீராவி லைனில் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறைகள்) சான்று உள்ள வால்வு மட்டுமே வரலாம். பழைய இரும்புக் கடை வால்வுக்கு அங்கே வேலை இல்லை.

நீராவி வால்வைத் திறப்பது

இதில் அவசரம் ஆகாது. இரவெல்லாம் நின்ற லைனில் நீராவி குளிர்ந்து தண்ணீராகிப் பைப்பின் அடியில் கிடக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால், வினாடிக்கு 25, 30 மீட்டர் வேகத்தில் வரும் நீராவி அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் அடுத்த வளைவில் மோதும். லைன் "டம் டம்" என்று குதிக்கும். வாட்டர் ஹாமர் என்பது இதுதான். இதில் வார்ப்பிரும்பு வால்வுகள் இரண்டாகப் பிளந்திருக்கின்றன.

முதலில் அந்தப் பக்கத்து டிரெயினைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பைபாஸ் வால்வு இருந்தால் அதை லேசாகத் திறந்து லைன் சூடேற விடுங்கள். பெரிய கேட் வால்வுக்குப் பைபாஸ் ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு: 8 அங்குல வால்வின் வாய் சுமார் 314 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கம் 10 கிலோ அழுத்தம், மறுபக்கம் ஒன்றுமில்லை என்றால் வெட்ஜின்மேல் 3 டன்னுக்கு மேல் பாரம். அந்தப் பாரத்தோடு வீலைச் சுற்றினால் சீட் உரசித் தேயும். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் வீல் கைக்கு இலகுவாக வரும். அப்போது மெயின் வால்வை மெல்லத் திறந்துவிடுங்கள்.

முழுக்கத் திறந்ததும் அரைச் சுற்றுத் திருப்பி விடுங்கள். சூட்டில் ஸ்பிண்டில் நீண்டு இறுகிக்கொள்ளாது. அடுத்த ஷிப்ட்காரர் வந்து, மூடியிருக்கிறது என்று நினைத்து இன்னும் திறக்கும் பக்கமாகவே முறுக்கி உடைக்கவும் மாட்டார். வீலில் நீளமான பைப்பைச் செருகி நெம்புவது கூடாது. மூட மறுக்கிறது என்றால் சீட்டில் ஏதோ கிடக்கிறது. கொஞ்சம் திறந்து, பாயும் வேகத்தில் அதை அடித்துப் போக விட்டு, மறுபடி மூடிப் பாருங்கள்.

பாஸ் ஆகிறதா என்று பார்ப்பது

வால்வை மூடுங்கள். அடுத்த பக்கத்து லைன் ஆறுவதற்கு நேரம் கொடுங்கள். பிறகு வால்விலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வெப்பநிலையைப் பாருங்கள். வால்வை ஒட்டியே பார்க்க வேண்டாம். இரும்பு வழியாகக் கடந்துவரும் சூட்டை நீராவி என்று நினைத்து ஏமாறுவீர்கள். லேசர் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் ஒரு சூட்சுமம்: பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் பைப்பில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் தடவி, அதன்மேல் பாருங்கள். "லைன் ஆறிப்போச்சு" என்று மீட்டரைக் காட்டிக் கையை வைத்துச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பளபளப்பில்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது காது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வால்வு பாடியில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்துங்கள். மூடிய வால்வில் சன்னமான சீற்றம் கேட்டால் பாஸ் ஆகிறது. மூன்றாவது, எல்லாவற்றையும்விட நம்பகமானது: மூடிய வால்வுக்கு அந்தப் பக்கமுள்ள டிரெயினைத் திறந்து, சற்று விலகி நின்று பாருங்கள். வருவது நிற்க வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் வீல் சொன்னது பொய்.

1979 மார்ச் 28-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதுவே. அழுத்தத்தை விடுவிக்கும் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்திருந்ததால் அது மூடிவிட்டதாக ஊழியர்கள் நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியது, வால்வை மூடச் சொல்லும் சிக்னல் போய்விட்டது என்பதை மட்டும். வால்வு மூடியதா என்பதை அது காட்டவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, அணுஉலையின் மையம் பாதி உருகிப்போனது. நவீன ஆலைகளில் ஆக்சுவேட்டர் (காற்றாலோ மோட்டாராலோ வால்வை இயக்கும் கருவி) வைத்த வால்வுகள் வந்துவிட்டன. திரையில் பச்சை, சிவப்பு தெரியும். அது சிக்னலா, வால்வின் நிலையா என்று முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளாண்டு பேக்கிங் மாற்றுவது

புதியவருக்குத் தனியாகக் கொடுக்கும் முதல் பெரிய வேலை அநேகமாக இதுதான். கிளாண்டில் லேசாகக் கசிந்தால் இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் கிளாண்டு சாய்ந்து ஸ்பிண்டிலைச் சுரண்டும். இறுக்க இடமே இல்லாமல் கிளாண்டு முழுக்க இறங்கிவிட்டது என்றால் பேக்கிங் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

1. பர்மிட் (வேலை தொடங்க எழுத்து அனுமதி) வாங்குங்கள். லைனை இருபுறமும் மூடி, பூட்டுப் போட்டு, உங்கள் பெயர் எழுதிய டேக்கைத் தொங்கவிடுங்கள். டிரெயினைத் திறந்து அழுத்தம் பூஜ்யம் என்று பார்த்து, அதைத் திறந்தே விடுங்கள். ஆற விடுங்கள். ஸ்பிண்டிலை முழுக்கத் திறந்தால் உள்ளே ஒரு பேக் சீட்டில் உட்கார்ந்து பேக்கிங்கை அழுத்தத்திலிருந்து பிரித்துவிடும், லைன் ஓடும்போதே மாற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நீராவியில் அந்த வித்தை வேண்டாம்.

2. முகத்தை நேராக வைக்காமல் பக்கவாட்டில் நின்று நட்டைத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றாதீர்கள். கிளாண்டை லேசாக அசைத்து, உள்ளே மிச்ச அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கழற்றுங்கள்.

3. பேக்கிங் ஹூக்கால் பழைய வளையங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எத்தனை என்று எண்ணி வையுங்கள். அடியில் கல்லாக இறுகிய ஒரு வளையம் கிடக்கும். பல பேர் அதை விட்டுவிடுவார்கள். அதன்மேல் புதியது சரியாக உட்காராது, ஒரே மாதத்தில் மறுபடி கசியும். பழைய ஆலை என்றால் அந்தப் பேக்கிங் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். காற்று அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். தண்ணீரில் நனைத்து, மாஸ்க் போட்டு எடுத்து, பையில் கட்டி, ஆலையில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் சேருங்கள்.

4. ஸ்பிண்டிலை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது, ஸ்பிண்டிலை மாற்ற வேண்டும். மேலோட்டமான கறை என்றால் நைஸ் எமரி போதும்.

5. அளவு: ஸ்டஃபிங் பாக்ஸின் உள்விட்டத்திலிருந்து ஸ்பிண்டிலின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். பாக்ஸ் 36 மில்லிமீட்டர், ஸ்பிண்டில் 20 மில்லிமீட்டர் என்றால் 8 மில்லிமீட்டர் பேக்கிங். இல்லாததற்குப் பெரிய அளவை வாங்கிச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கிப் போடுவது பட்டறைப் பழக்கம். கிராஃபைட் பேக்கிங்கில் அப்படிச் செய்தால் பின்னலே கலைந்துவிடும்.

6. பேக்கிங்கை ஸ்பிண்டிலின் அதே விட்டமுள்ள ஒரு ராடில் சுற்றி, 45 டிகிரிச் சாய்வில் வெட்டுங்கள். வால்வின் ஸ்பிண்டில் மேலேயே வைத்து வெட்டினால் பிளேடு அதில் கோடு போட்டுவிடும்.

7. ஒவ்வொரு வளையமாகப் போட்டு, பாதியாகப் பிளந்த புஷ்ஷால் அழுத்தி அடியில் உட்கார வைத்த பிறகே அடுத்தது. வெட்டு முனைகள் ஒன்றின்மேல் ஒன்று வரக் கூடாது. 90 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள்.

8. கிளாண்டை நேராக இறக்கி, நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். ஸ்பிண்டிலைச் சில தடவை ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி இறுக்குங்கள். வீல் கையால் சுற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கிளாண்டு இன்னும் இறங்க இடம் மிச்சமிருக்க வேண்டும். நீராவி விட்ட பிறகு ஒரு முறையும் மறுநாள் ஒரு முறையும் பாருங்கள்.

பம்ப் கிளாண்டு சொட்டுச் சொட்டாகக் கசியத்தான் வேண்டும், அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கும். வால்வு கிளாண்டு கசியக் கூடாது. இரண்டையும் குழப்பி, பம்ப் கிளாண்டை இறுக்கி ஷாஃப்டைக் கருக்குவது புதியவர்கள் அடிக்கடி செய்வது.

பாஸ் ஆகும் வால்வைச் சரிசெய்வது

பானெட்டைக் கழற்றி சீட்டைப் பாருங்கள். மங்கலான கறை, மெல்லிய கோடு என்றால் லேப்பிங் (பேஸ்ட் தடவித் தேய்த்துச் சமப்படுத்துவது) போதும். கிரைண்டிங் பேஸ்ட்டை முதலில் சொரசொரப்பானது, பிறகு நைஸ் என்று தடவி, குளோப் வால்வின் டிஸ்க்கை சீட்டில் வைத்து முன்னும் பின்னும் இலேசாகத் திருப்புங்கள். அவ்வப்போது தூக்கி இடம் மாற்றி வையுங்கள். பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. துடைத்துவிட்டு ஒரு முகத்தில் மெல்லியதாக நீல மை தடவி உட்கார வைத்து எடுங்கள். மறு முகத்தில் அறுபடாத ஒரு வளையம் பதிந்தால் முடிந்தது. எங்காவது அறுந்திருந்தால் அந்த இடம் இன்னும் பள்ளம். ஆழமாக அரித்த சீட்டில் பேஸ்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். லேத்துக்கோ புது சீட்டுக்கோ போக வேண்டும். பேஸ்ட்டைத் துளி மிச்சமில்லாமல் துடைக்காவிட்டால் அதுவே அடுத்த மாதம் சீட்டை அரிக்கும்.

மூடும்போது புது கேஸ்கெட். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் புதியதே. போல்ட்டுகளை வரிசையாக அல்ல, எதிரெதிராக, மூன்று நான்கு சுற்றில் படிப்படியாக இறுக்குங்கள். டெஸ்ட் பெஞ்ச் இருந்தால் பாடியை அதன் அதிகபட்ச அழுத்தத்தைப் போல 1.5 மடங்கும், சீட்டை 1.1 மடங்கும் வைத்துத் தண்ணீரில் சோதிப்பது வழக்கம்.

வால்வைக் கழற்றிய இடத்தில் பிளைண்ட் (லைனை அடைக்கும் ஓட்டையில்லாத தகடு) போட்டால் அதை அடுத்த ஷிப்டுக்கு எழுத்தில் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் சேஃப்டி வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த இடத்தைத் தற்காலிகமாக ஒரு பிளைண்டால் மூடியிருந்தார்கள். இரவு ஷிப்டுக்கு அது தெரியவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். கசிந்த வாயு வெடித்து, அன்று 167 பேர் இறந்தார்கள்.

சேஃப்டி வால்வு

பாய்லருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவே வேறு எந்த வால்வும் இருக்கக் கூடாது. அதன் சீலை உடைத்து ஸ்பிரிங்கை இறுக்குவது உங்கள் வேலையும் இல்லை, உங்கள் ஃபோர்மேன் வேலையும் இல்லை. கசிகிறது என்று அதன் லிவரைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்ததால் மறு ஆண்டே வங்காளத்தில் சட்டம் வந்தது. பிறகு 1923-ல் இந்தியா முழுமைக்கும் பாய்லர் சட்டம், இப்போது 2025-ல் புதிய சட்டம். ஆய்வாளர் வருவது இதற்காகத்தான். லிவரைத் தூக்கிச் சோதிக்கும்போது பாய்லர் அழுத்தம் செட் அழுத்தத்தில் (வால்வு தானே திறக்கும்படி வைத்த அழுத்தம்) குறைந்தது முக்கால் பங்காவது இருக்கட்டும். குறைந்த அழுத்தத்தில் தூக்கினால் தூசு சீட்டில் சிக்கி, அதன்பிறகு மூடாது.

நாள்தோறும், மாதந்தோறும்

தினமும் ஷிப்ட் தொடக்கத்தில் லைனை ஒரு சுற்று நடந்து வாருங்கள். கண்ணும் காதும் போதும். ஸ்பிண்டில் மரையைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் மாதம் ஒரு முறை வையுங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வுகளை, முக்கியமாக அவசரத்துக்கு மட்டும் வைத்திருப்பவற்றை, புரொடக்ஷனிடம் கேட்டுக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் மூடித் திறந்து பாருங்கள். தீப்பிடித்த அன்றுதான் அது துருவேறி அசையவில்லை என்று தெரிய வேண்டியதில்லை.

ஒவ்வொரு வால்வுக்கும் எண் போட்ட தகடு தொங்கட்டும். ஒரு நோட்டில் அந்த எண், அளவு, எந்த லைன், பேக்கிங் எப்போது மாற்றியது, பாஸ் ஆகிறதா என்று எழுதுங்கள். பாஸ் ஆகும் வால்வை அன்றைக்கே மாற்ற முடியாவிட்டால் சிவப்பு டேக் கட்டுங்கள். அந்த லைனில் வேலை செய்ய வருபவர் அதை மூடிவிட்டுக் கையை விடாமல், அதற்கு முந்தைய வால்வையும் மூடி, இரண்டுக்கும் நடுவே உள்ள டிரெயினைத் திறந்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.